ஓலைக்கூரை நாட்களைத் தேடி: நெல்லைச் சீமையில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன் – பாளையங்கோட்டை

காலை ஆறரை மணிக்கு நெல்லை சந்திப்பில் இறங்கினோம். நானும் அண்ணனும். அவர் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்கு எந்தப் பஸ் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் சபைக்கு இந்த ஆண்டு வெள்ளி விழா. சென்னைக்கு வெளியே, அப்போது ஏரிக்கரையும் செங்கல் சூளையுமாகக் கிடந்த ஒரு புறநகரில், ஒரு மொட்டை மாடியில், பதினோரு குடும்பங்கள் கூடி ஆரம்பித்த சபை. விழா மலரில் ஆரம்ப நாட்களைப் பற்றி எழுத என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், முதல் ரெஜிஸ்டரை எழுதியவள் நான் என்பதால். இரண்டு மாதமாக உட்கார்ந்து பார்க்கிறேன். தேதி வருகிறது, வேறெதுவும் வரமாட்டேன் என்கிறது. அந்தப் பதினோரு குடும்பத்தில் ஒன்பது இந்தச் சீமையிலிருந்து பிழைக்கப் போனவை. முதலூர், நாசரேத், இடையன்குடி, மெய்ஞ்ஞானபுரம் என்று ஊர்ச் சபையின் நற்சாட்சிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். அந்தச் சபைகளும் ஒரு நாள் புதுச் சபைகளாக இருந்தவைதானே. அங்கே போய் நின்று பார்த்தால் எழுத வரும் என்று தோன்றியது.

முதலில் குளோரிந்தா ஆலயம். இங்கே பாப்பாத்தியம்மாள் கோவில் என்றால்தான் பழைய ஆட்களுக்குத் தெரியும். நான் மனதில் வைத்திருந்ததைவிடச் சின்னக் கோவில். உள்ளே போய் உட்கார்ந்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏட்டி, உங்க மொட்டமாடிக் கூட்டம் இதுக்குள்ள கொள்ளும் போலுக்கே" என்றார். கொள்ளும். அதற்கு மேல் அதிகம் கொள்ளாது.

குளோரிந்தா தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. ஹென்றி லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தவர். அவரிடமிருந்துதான் வேதத்தையும் கற்றார். தஞ்சாவூரில் இருந்தபோதே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்) ஞானஸ்நானம் கேட்டார். திருமணம் ஆகாமல் ஒருவரோடு வாழ்கிறாய் என்று சொல்லி ஐயர் கொடுக்கவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778 மார்ச் 3 அன்று, சுவார்ட்ஸ் இந்தப் பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அதன் பின் அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. ஒரு கூட்டத்தைச் சேர்த்தார், கோவில் கட்ட முன்னால் நின்றார். 1785 ஆகஸ்ட் 24 அன்று சுவார்ட்ஸே வந்து கோவிலைப் பிரதிஷ்டை செய்தார். நெல்லைச் சீமையின் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபை வரலாறு, ஐயர் ஒருமுறை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஒரு பெண்ணிடமிருந்து ஆரம்பிக்கிறது. இதை ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் "வேண்டாம்" என்ற அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் சொன்னார்கள்.

1780இல் எழுதிய இந்தச் சபையின் பட்டியலில் நாற்பது பேர். நாற்பது பெயர்! அதை நினைத்ததும் என் எண்பது பக்க நோட்டு ஞாபகம் வந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், சொந்தச் சபை, திடப்படுத்தல் (சபையில் முழு அங்கமாகச் சேர்க்கும் சடங்கு) பெற்ற ஆண்டு என்று ஐந்து பத்தி பிரித்திருந்தேன். பதினோரு குடும்பம், நாற்பத்து மூன்று பேர். அந்த ஐந்து பத்திக்குள் வராமல் போன ஒருவரும் உண்டு. கோவிலை விட்டு வெளியே வரும்போது அவர் முகம்தான் கண்ணில் நின்றது. இன்று எழுத முடியவில்லை. நாளை எழுதுகிறேன்.

பிறகு ஊசிக்கோபுரம். 1826இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் எழும்பிய தூய திரித்துவ ஆலயம், இப்போது திருநெல்வேலித் திருமண்டலத்தின் பேராலயம். கோபுரம் பின்னால் வந்தது. ரேனியஸ் 1820இல் இங்கே வந்தவர். 1830இல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். விசுவாசத்துக்காக வீடு வாசல் பிடுங்கப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் வேலை. இந்தச் சீமையில் 'புரம்' என்று முடிகிற கிறிஸ்தவ ஊர்கள் இத்தனை இருப்பதற்கு இப்படிப்பட்ட குடியேற்றங்கள் ஒரு முக்கியக் காரணம்.

ரேனியஸ் ஜெர்மானியர், லுத்தரன். ஊர்ச் சபைகளில் போதிக்கிற உபதேசிமார்களுக்குப் பேராயர் இல்லாமலே குருப்பட்டம் கொடுக்கலாம் என்றார். அவரை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கம் ஆங்கிலிக்கன் முறைதான் வேண்டும் என்றது. இதுவும் வேறு சிலவும் சேர்ந்து 1835இல் பிரிவில் போய் முடிந்தது. ஒரே ஊரில் இரண்டு பக்கமாக ஜனங்கள் பிரிந்து நின்றார்கள். 1838இல் ரேனியஸ் இறந்தார். பிரிந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். பாளையங்கோட்டையிலேதான் அவர் கல்லறை. அங்கே நான் வெகு நேரம் நின்றேன். எங்கள் சபையும் ஐந்தாம் ஆண்டில் பிரிந்தது. இடம் வாங்கும் விஷயத்தில் வந்த வாக்குவாதம், மூன்று குடும்பம் போய்விட்டது. ஒன்று திரும்பி வந்தது. மலரில் இதை எழுதக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். நான் எழுதத்தான் போகிறேன்.

இரண்டாம் நாள், வெள்ளி – முதலூர்

சாத்தான்குளம் பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட். வெளியே பனை, உடைமரம், மறுபடி பனை. முதலூரில் இறங்கியதும் அண்ணன் மஸ்கோத் அல்வா வாங்கப் போய்விட்டார். நான் நேரே மிகாவேல் ஆலயத்துக்கு நடந்தேன்.

கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் ஊர் இது. ஆனால் நான் பார்க்க வந்தது 1799ஐ. காலங்குடியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று உபதேசியாராகத் தன் சொந்த ஜனங்களிடம் திரும்பி வருகிறார். பனையேறிப் பிழைக்கிற சில குடும்பங்கள் அவர் சொன்னதைக் கேட்டுச் சேர்கின்றன. எதிர்ப்பு வருகிறது, ஜெபக்கூடம் அழிகிறது, இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நிலத்தை வாங்கி, இருபத்தெட்டுப் பேரை அங்கே கொண்டுபோய்க் குடிவைக்கிறார். முதல் கிறிஸ்தவ ஊர், ஆகவே முதலூர். எனக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருக்கிறது. பரிசுத்தவானின் பெயரோ வேதாகமத்து ஊரின் பெயரோ இல்லை. இதற்குப் பின் இன்னும் வரும் என்று நம்பி வைத்த பெயர். இருபத்தெட்டுப் பேர் இருக்கும்போது அப்படி நம்பியிருக்கிறார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1790இல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயர் ஊர் ஊராக நடந்திருக்கிறார். தாவீது சுந்தரானந்தம் சின்ன வயதிலேயே இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

இதற்கப்புறம் வருகிற ஆண்டுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ அவைதான் முக்கியமாகப் படுகின்றன. 1811இல் கொள்ளைக் காய்ச்சல். கைதூக்கிவிட மிஷனரி இல்லை. பலர் பழைய வழிக்கே போனார்கள். 1816இல் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குப் போதகராக, அதாவது சாப்ளினாக, வந்த ஜேம்ஸ் ஹஃப், எத்தனை பேர் மிச்சம் என்று கணக்கெடுத்துப் பார்த்தபோது, அறுபத்து மூன்று ஊர்களில் ஏறத்தாழ மூவாயிரத்து நூறு பேர் இருந்தார்கள். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களை யார் காப்பாற்றியது? உபதேசிமார். வாசிக்கத் தெரிந்த ஒருவர் நின்று வாசிக்க, தெரியாதவர்கள் பின்னால் சொல்லியிருப்பார்கள்.

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை வந்து, "எங்கிருந்து வாறிய, சாப்பிட்டியளா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு சாவியை எடுத்துக்கொண்டு வந்து பக்கவாசலைத் திறந்துவிட்டு, "எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முதல் ஐந்து வருஷம் ஒரு இரும்புக்கடையின் மொட்டை மாடியில் நடந்தது. தகரக் கூரை. வெயில் காலத்தில் எட்டரைக்குள் ஆராதனையை முடித்தாக வேண்டும். திருவிருந்து மேசை, அதாவது அப்பமும் ரசமும் வைத்துப் பகிர்கிற மேசை, என்னுடைய தையல் மிஷின். சனிக்கிழமை ராத்திரி என் வீட்டுக்காரரும் கடைக்காரரின் மகனும் அதைத் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். மேலே வெள்ளைத்துணி விரித்தால் யாருக்கும் தெரியாது, மிதியில் கால் பட்டால் மட்டும் சக்கரம் சுற்றும். பாத்திரம் இரவல். தாய்ச் சபையிலிருந்து ஐயர் ஒரு கறுப்புப் பையில் கொண்டுவருவார், மாதத்தில் ஒரு ஞாயிறு. மற்ற ஞாயிறுகளில் எங்களில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் ஆராதனை நடத்தினார். மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தோம். தட்டினால் ஏரி வரைக்கும் கேட்கும். கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கத்தை முதல் வாரமே ஆரம்பித்துவிட்டோம், அது இந்த ஊர்க்காரர்கள் கொண்டுவந்த வழக்கம். சனிக்கிழமை அரிசியை ஏலம் விடுவோம். ஆர்மோனியம் அந்தக் காசில்தான் வாங்கினோம்.

அந்தத் தண்டவாளச் சத்தத்தைக் கேட்டு வந்தவர்தான் பூக்கார அம்மா.

கடை வாசலில் பூ விற்பவர். ஒரு நாள் மேலே ஏறி வந்து கடைசிப் படியிலேயே உட்கார்ந்தார். அடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது மாதம் சனிக்கிழமைதோறும் மாடியைப் பெருக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை, யாரும் காசு கொடுக்கவும் இல்லை. விற்காத சாமந்தியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். இருபத்து மூன்றாம் சங்கீதத்தைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் பண்ணினார், வாசிக்கத் தெரியாது. திருவிருந்து நேரத்தில் மட்டும் எழுந்துபோய்ப் படியில் உட்கார்ந்துகொள்வார். ஞானஸ்நானம் வேண்டும் என்று ஐயரிடம் இரண்டு தடவை கேட்டார். முதலில் இருந்தவர், வீட்டில் சம்மதம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர், ஆயத்த வகுப்பு முடிக்க வேண்டும், ஈஸ்டருக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த அம்மா இறந்துபோனார்.

எங்கள் சபையின் முதல் சாவு அது. எங்களுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. இரவலுக்குக் கேட்ட தோட்டத்தில், ரெஜிஸ்டரில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சட்டம். ரெஜிஸ்டர் என் கையில் இருந்தது. அன்று சாயங்காலம் அதில் ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை, ஞானஸ்நானம் பெறாதவரை எழுதக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஊராட்சிச் சுடுகாட்டில் ஒரு ஓரமாகக் குழி தோண்டினார்கள். வாத்தியார் சங்கீதம் வாசித்தார். அந்த அம்மாவின் மகன் ஒன்றும் புரியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், பத்தொன்பது இருபது வயது இருக்கும்.

இதை இத்தனை வருஷத்தில் நான் எங்கேயும் எழுதியதில்லை.

அண்ணன் அல்வாப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், சனி – இடையன்குடி

திசையன்விளை வழியாகப் போனோம். கால்டுவெல் ஐயரின் ஊர். 1841இல் சென்னையிலிருந்து நடந்தே கிளம்பி இந்தச் சீமைக்கு வந்தவர், 1891இல் இறக்கும் வரை இந்த ஊரின் பெயரோடு சேர்ந்தே இருந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டவர் என்பதால் தமிழ் படித்தவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். சபைக்காரர்களுக்கு அவர் வேறு ஆள். மணற்காட்டில் தெரு வகுத்தவர், கிணறு வெட்டியவர், மரம் நட்டவர். மனைவி எலைசா, நாகர்கோவில் மால்ட் ஐயரின் மகள், நல்ல தமிழ் பேசத் தெரிந்தவர். இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்.

ஆலயத்துக்குள் போனதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். கூர்நுனி வளைவுகள் உள்ள ஜன்னல்கள். அந்த மாதிரி வளைவை இந்த ஊர்க் கொத்தனார்கள் அதற்கு முன் கட்டியதில்லை. கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று சொல்கிறார்கள். அதைப் பார்த்து அவர்கள் கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். வேலை தொடங்கியது 1847இல். பிரதிஷ்டை 1880 ஜூலை 6இல். முப்பத்து மூன்று வருஷம்! அஸ்திவாரம் போட்ட அன்று கைக்குழந்தையாக இருந்தவர் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிரதிஷ்டைக்கு வந்திருக்கலாம். நடுவில் 1877இன் பெரும் பஞ்சம் வேறு.

அந்த முப்பத்து மூன்று வருஷமும் சபை நடந்துகொண்டுதானே இருந்தது. இதை எங்கள் கட்டடக் கமிட்டியில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். கோவில் கட்டி முடித்த வருஷத்தைத்தான் சபையின் ஆரம்பம் என்று மலரின் அட்டையில் போட நினைக்கிறார்கள். அப்படிப் போட்டால் மொட்டை மாடி ஐந்து வருஷமும் காணாமல் போய்விடும், அந்தப் படியும் போய்விடும். நான் சம்மதிக்கமாட்டேன்.

பலிபீடத்தின் அடியில்தான் கால்டுவெல்லை அடக்கம் செய்திருக்கிறார்கள். கொடைக்கானலில் இறந்தவரை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார்கள். மலையிலிருந்து இந்தத் தேரிக்காட்டுக்கு அந்தக் காலத்தில் எப்படிக் கொண்டுவந்தார்களோ என்று அண்ணன் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். கொண்டுவரத்தான் வேண்டும் என்று நினைத்த ஜனம் அது. நான் பஞ்சாயத்துச் சுடுகாட்டின் ஓரத்தை நினைத்துக்கொண்டேன். இப்போது அங்கே அடையாளம் எதுவும் இல்லை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் பதநீர் கிடைக்கவில்லை, பருவம் முடிந்துவிட்டது. கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நான்காம் நாள், ஞாயிறு – மெய்ஞ்ஞானபுரம்

ஊர் வருவதற்கு முன்பே கோபுரம் வந்துவிட்டது. 192 அடி. செம்மண் தேரியும் பனையுமாகப் போகிற சமவெளியில் அதைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. வேல்ஸ் நாட்டுக்காரர் ஜான் தாமஸ் 1837இல் இங்கே வந்தபோது மணல்தான் இருந்தது. கிணறு தோண்டித் தண்ணீர் கண்ட பிறகுதான் மரமும் தெருவும். தூய பவுல் ஆலயம் 1847இல் பிரதிஷ்டையானது. கோபுரத்தை முடிக்க 1868 வரை ஆனது. இரண்டு வருஷம் கழித்து ஜான் தாமஸ் காலமானார்.

காலை ஆராதனைக்கு உட்கார்ந்தோம். என் அம்மாவின் ஊர்க்காரர்களின் ராகம், அதே இழுப்பு. கீர்த்தனையில் கடைசி வரியை மூன்று தடவை பாடுவதும் அப்படியே. பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா பாமாலைப் புத்தகத்தை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். திருவிருந்து நேரத்தில் பந்தி பந்தியாக எழுந்து போனார்கள். நான் திரும்பிப் பின்வாசலைப் பார்த்தேன். ஒரு பெண் செருப்புகளுக்குப் பக்கத்தில், தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். யார், ஏன் அங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டுகூட இருந்திருக்கலாம். ஆராதனை முடிந்து நான் வெளியே வருவதற்குள் போய்விட்டார்.

வெளியே புளியமரத்து நிழலில் நின்று அண்ணனிடம் பூக்கார அம்மாவைப் பற்றி முழுசாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அந்த அம்மா பேரு என்னட்டி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் கூட இருந்தவர். மாடியைப் பெருக்கியவர், மேசைக்குப் பூ வைத்தவர். பூக்காரம்மா என்றே கூப்பிட்டோம். நாற்பத்து மூன்று பேரின் பெயரை முத்து முத்தாக எழுதிய நான் அவரிடம் பெயர் கேட்டதே இல்லை. அங்கேயே மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன்தான் வழி சொன்னார். இரும்புக்கடைக்காரரின் மகன் இன்னும் அதே தெருவில் கடை வைத்திருக்கிறார், அவருக்குப் போன் போடு என்றார். போட்டேன். பூக்கார அம்மாவின் மகன் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், நம்பர் இருக்கிறது என்று கொடுத்தார்.

இரண்டாவது மணியில் எடுத்தான். நான் யார் என்று சொன்னேன். தையல் மிஷின் அக்காவா என்று கேட்டான். அவனும் எங்கள் யார் பெயரும் தெரியாமல்தான் எங்களை ஞாபகம் வைத்திருக்கிறான். அம்மா பேர் என்னப்பா என்றேன். சொன்னான். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிப் பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன், அண்ணனின் பேனாவால். எதற்கு என்று கேட்டான். மலரைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "போட்டோ ஒண்ணு இருக்குக்கா, ரேஷன் கார்டுல எடுத்தது, அது பரவாயில்லையா?" என்றான்.

அவன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அந்தப் பெயரை அச்சில் போட வேண்டும், ஆகவே இங்கே எழுதவில்லை. புதன்கிழமை மாலை ஸ்டாண்டில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறான். இன்று ராத்திரி நெல்லையிலிருந்து ரயில்.